கூட இருந்தவர் யார்?

கொள்ளைநோய் ஒன்று ஊருக்குள் புகுந்துவிட்டால், நோயாளியிடம் சுகாதாரத் துறையினர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "உம்மோடு கூட இருந்தவர் யார்?" என்பதே அது. சிறிய கேள்விதான், நியாயமான கேள்வியுங்கூட. ஒருவரைப் பற்றிய நோய் அவரோடு உண்டவரையும் உறங்கியவரையும் ஒரே வண்டியில் பயணம் செய்தவரையும் பற்றியிருக்கக்கூடும். அவர்களை விரைந்து கண்டறிந்து, தனியே இருத்தி, பேணிக் காத்தால் நோயின் சங்கிலி அறுபட்டுவிடும். பெரியம்மை 1975ஆம் ஆண்டோடு இந்நாட்டைவிட்டு நீங்கியதற்குத் தடுப்பூசி மட்டும் காரணமன்று. வீடு வீடாகச் சென்று நோயுற்றவரையும் அவரைச் சூழ்ந்திருந்தவரையும் தேடிக் கண்ட எண்ணற்ற ஊழியரின் கால்நடையும் காரணமாகும்.

ஆயினும் இதே கேள்வி காவல் நிலையத்திலும் கேட்கப்படுகிறது. கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார், பெற்ற விடையை எங்கே வைத்திருப்பார், எப்போது அழிப்பார் என்பவற்றைப் பொறுத்தே அக்கேள்வி மருந்தாவதும் நஞ்சாவதும் அமைகின்றன. 2020ஆம் ஆண்டில் இந்தக் கேள்வியைக் கேட்கும் வேலை கைப்பேசிச் செயலி ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. அது சரியா, தவறா என்று அன்று நாடெங்கும் வாதிட்டார்கள். நோய் தணிந்ததும் வாதமும் தணிந்துவிட்டது. அச்சம் நீங்கி அமைதியாக இருக்கும்போதுதான் இத்தகைய பொருளைப் பற்றி நிதானமாகச் சிந்திக்க இயலும் என்பதால், சேலம் நாமக்கல் சமவெளியில் வாழ்நாளைக் கழித்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியன் என்ற முறையில், நான் கண்டவற்றையும் கருதுபவற்றையும் வாசகர்முன் வைக்க விழைகிறேன்.

இந்த வட்டாரத்துக்கு இக்கேள்வி புதியதன்று. 1896இல் பம்பாயில் தோன்றிய பிளேக், 1898இல் பெங்களூரை அடைந்தது. அன்றைய சேலம் மாவட்டம் ஓசூரையும் கிருஷ்ணகிரியையும் தன்னுள் கொண்டு மைசூர் எல்லையைத் தொட்டு நின்றது. நோய் கண்ட ஊர்களிலிருந்து வருவோர்க்குச் சென்னை மாகாண அரசு 'பிளேக் பாஸ்போர்ட்' என்றொரு சீட்டை வழங்கியது. அதைப் பெற்றவர், தாம் போய்ச் சேர்ந்த ஊரிலே குறிப்பிட்ட நாள்வரை அதிகாரியின்முன் தோன்றித் தம் உடல்நலத்தைக் காட்டியாக வேண்டும். இதற்கெல்லாம் துணை நின்றது 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம். புனா நகரிலே வீடு புகுந்து சோதனையிட்ட முறை மக்களிடையே எத்தகைய சினத்தை மூட்டியது என்பதையும், அவ்வாண்டு ஜூன் மாதம் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டதையும் வரலாறு அறிந்தவர் மறந்திருக்க மாட்டார்கள். நூற்று இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர், கொரோனாவின்போது அரசு கையிலெடுத்ததும் அதே சட்டந்தான். சீட்டு இருந்த இடத்தில் செயலி வந்ததே மாற்றம்.

பிளேக் காலத்தை நான் நூல்களில்தான் படித்திருக்கிறேன். ஆனால் இன்னொரு நோயின் காலத்தைக் கண்ணாரக் கண்டேன். எச்.ஐ.வி. தொற்று இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில். அடுத்த சில ஆண்டுகளில் அது மிகுந்த மாவட்டங்களுள் ஒன்றாக நாமக்கல் பேசப்படலாயிற்று. லாரித் தொழில் எங்கள் பகுதியின் உயிர்நாடி. நாமக்கல்லில் லாரிகளுக்குக் கூடு கட்டுவார்கள்; சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் லாரியும் ரிக் வண்டியும் வைத்திராத தெரு குறைவு. மாதக்கணக்கில் வடநாட்டுச் சாலைகளில் கிடந்து திரும்புகிற ஓட்டுநரையும் கிளீனரையும் ஊரே ஐயத்தோடு நோக்கத் தொடங்கியது. 1990களில் நான் நாமக்கல்லில் பணியாற்றியபோது, "பையன் லாரியில் போகிறானா?" என்று பெண்வீட்டார் கேட்கும் தொனியே மாறிப்போயிற்று. வெளியூர்த் திருமணங்களில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் சிலர் முகத்தில் ஒரு குறுநகை தோன்றி மறையும். நோயின் பெயர் ஊரின் பெயராகவும் தொழிலின் பெயராகவும் ஆகிவிட்டது.

அந்நோய்க்கும் இதே கேள்விதான் தேவைப்பட்டது: கூட இருந்தவர் யார்? அதைவிட அந்தரங்கமான விடை வேறு எந்தக் கேள்விக்கு உண்டு? தொடக்கத்தில் அரசுகள் இங்கே தடுமாறின. 1989இல் கோவாவில் டொமினிக் டிசூசா என்னும் இளைஞர், தொற்று இருந்த ஒரே காரணத்துக்காக 64 நாள் அடைத்து வைக்கப்பட்டார். அச்சுறுத்தலால் பயனில்லை என்பதை அனுபவம் மெல்ல உணர்த்தியது. அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' தோன்றியது. பெயரே பொருத்தமானதன்றோ? கதவைச் சாத்திக்கொண்டு ஓர் ஆலோசகர் பேசுவார். வந்தவர் தம் துணைவரிடம் தாமே உண்மையைச் சொல்ல அவரைப் பக்குவப்படுத்துவார். இந்த வழக்கத்துக்கு 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் வலுவான அரண் அமைத்தது. ஒருவர் தம் நிலையை வெளியிடும்படி வற்புறுத்தப்படலாகாது. துணைவரின் உயிர்க்கு ஆபத்து உண்டென்று மருத்துவரோ ஆலோசகரோ கருதினாலும், உரியவருக்கு முன்னரே அறிவித்துவிட்டு, துணைவரை நேரில் வைத்து, ஆலோசனை கூறிய பின்னரே அதை வெளியிடலாம் என்கிறது அச்சட்டம். எத்தனை கவலையோடு நெய்யப்பட்ட விதி! அதன் ஒவ்வோர் இழையிலும் நாமக்கல் போன்ற ஊர்கள் பட்ட அவமானத்தின் பாடம் இருப்பதாக எனக்குத் தோன்றும்.

அப்பாடத்தை 2020இல் நாடு எத்துணை விரைவாக மறந்தது!

அவ்வாண்டு மார்ச் 25ஆம் நாள், நாடெங்கும் ஊரடங்கு தொடங்கிய அன்றே, சேலத்தில் ஐவருக்குக் கொரோனா என்று அறிவிக்கப்பட்டது. நால்வர் மார்க்கப் பணிக்காக வந்திருந்த இந்தோனேசியர். ஒருவர் அவர்களுக்கு வழிகாட்டியாக வந்த சென்னைக்காரர். ஒரு வாரம் கழிவதற்குள் டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸில் நடந்த மாநாட்டின் செய்தி பரவியது. தமிழ்நாட்டிலிருந்து சென்றவர் ஏறத்தாழ 1,500 பேர் என்று அரசு கூறியது. தாமாக முன்வருமாறு சுகாதாரத் துறைச் செயலாளர் பீலா ராஜேஷ் கேட்டுக்கொண்டார். ஓரிரு நாட்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் முன்வந்தனர். இதை ஈண்டு அழுத்திச் சொல்வதற்குக் காரணமுண்டு. பரிவோடு கேட்டால் மனிதர்கள் விடை சொல்கிறார்கள் என்பதற்கு, தமிழகம் தந்த சான்று அது.

அதே வேளையில் வேறொரு வழியிலும் பட்டியல்கள் உருவாகிக்கொண்டிருந்தன. நிஜாமுத்தீன் பகுதியின் கைப்பேசிக் கோபுரங்கள் எந்தெந்த எண்களைத் தொட்டிருந்தனவோ அவ்வெண்கள் தொகுக்கப்பட்டு மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டன. அப்பகுதிக்கு அருகே பெரியதொரு இரயில் நிலையம் இருக்கிறது என்பதைக் கோபுரம் அறியுமா? சத்தீஸ்கரில் அப்பட்டியலிலே மாநாட்டுக்கே செல்லாத பிற சமயத்தவர் பலரும் இருந்தனர் என்பது அப்போதே செய்தியாயிற்று. மனிதன் அவ்விடத்துக்கு எதற்காக வந்தான் என்பதை இயந்திரம் கேட்பதில்லை. வந்தான் என்பதை மட்டும் அது எழுதிவைக்கிறது.

என் மைத்துனர் அம்மாநாட்டுக்குச் சென்று திரும்பியிருந்தார். செய்தியறிந்த இரவே ஒரு தாளை எடுத்துவைத்துக்கொண்டு, ஊர் வந்த நாள்முதல் தாம் சந்தித்தவர் பெயர்களை எழுதத் தொடங்கினார். வீட்டார், பள்ளிவாசலில் அருகே நின்று தொழுதவர், ஆட்டோ ஓட்டியவர் என்று தாள் நிறைந்தது. ஒரு பெயரில் மட்டும் பேனா நின்றுவிட்டது. பேருந்து நிலையத்தருகே தேநீர்க் கடை வைத்திருந்த ஏழை ஒருவரின் பெயர் அது. "மச்சான், இவர் பெயர் வெளியே போனால் ஊரடங்கு முடிந்தாலும் அந்தக் கடையில் யாரும் டீ குடிக்க மாட்டாங்களே" என்றார். மறுநாள் காலை வந்த சுகாதார ஆய்வாளரிடம் தம் தயக்கத்தையும் மறைக்காமல் சொன்னார். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "பாய், பேரை எங்கிட்டச் சொல்லுங்க. என் நோட்டை விட்டு வெளியே போகாது" என்றார். சொன்னார், போகவில்லை. தேநீர்க் கடைக்காரருக்கு ஓசையில்லாமல் சோதனை நடந்தது. நோய் இல்லையென்று தெரிந்தது. அந்தக் கடை இன்றும் நடக்கிறது.

என் மைத்துனருக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. எவர் கையிலிருந்து எங்கே நழுவியதோ, பெயரும் முகவரியும் கைப்பேசி எண்ணும் அடங்கிய பட்டியலொன்று வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றியது. பால் ஊற்றுகிறவர் தெருமுனையோடு நின்றுகொண்டார். முன்பின் அறியாத குரல்கள் நள்ளிரவில் தொலைபேசியில் ஏசின. அவருக்கு எடுத்த சோதனையிலும் நோய் இல்லை என்றே முடிவு வந்தது. ஆனால் அந்த முடிவை எவரும் வாட்ஸ்அப்பில் அனுப்பவில்லை.

ஒரு குறிப்பேடும் ஒரு பட்டியலும் ஒரே வாரத்தில், ஒரே குடும்பத்தில், இவ்வாறு இருவேறு விதமாக நடந்துகொண்டதைக் கண்டேன். குறிப்பேட்டுக்குப் பின்னால் ஒரு மனிதர் நின்றார். தாம் கொடுத்த வாக்குக்குத் தாமே பொறுப்பானார். பட்டியலுக்குப் பின்னால் எவரும் இல்லை. அக்கினி கொழுந்துவிட்டிருந்த அந்நாட்களில் அரசின் அன்றாட அறிக்கையிலே 'டெல்லி மாநாடு' என்ற சொல் நாள்தோறும் இடம்பெற்றது. பின்னர் அது 'ஒரே இடத் தொற்று' என்னும் பொருள்படும் சொல்லாக மாற்றப்பட்டது. நோய்க்குச் சமயச் சாயம் பூசலாகாது என்று முதலமைச்சர் பழனிசாமியும் வேண்டிக்கொண்டார். அம்மாற்றம் நன்றியோடு நினைக்கத் தக்கது. ஆகஸ்ட் 21ஆம் நாள் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, மாநாட்டுக்கு வந்த 29 வெளிநாட்டவர்மீதான வழக்குகளைத் தள்ளுபடி செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகவே தெரிகிறது என்று கருத்துரைத்தது. நீதி வந்தது, ஆனால் பட்டியல் ஓடிய வேகத்தில் அது ஓடிவரவில்லை.

இச்சூழலில்தான், 2020 ஏப்ரல் 2ஆம் நாள், 'ஆரோக்கிய சேது' வெளியிடப்பட்டது. அதன் வேலைமுறை எளிது. செயலியை ஏற்றிய இரு கைப்பேசிகள் அருகருகே வரும்போது, புளூடூத் அலை வாயிலாக ஒன்றையொன்று குறித்துக்கொள்ளும். பின்னர் ஒருவருக்கு நோய் உறுதியானால், அவர் அருகில் இருந்தவர்க்கு எச்சரிக்கை போகும். இதனோடு இருப்பிடத்தையும் அது பதிவு செய்தது. பெயர், வயது, பாலினம், தொழில் முதலியவற்றையும் கேட்டது. கருத்து நல்லதே. பேருந்தில் பக்கத்தில் அமர்ந்தவரின் பெயர் நமக்குத் தெரியாது, கைப்பேசிக்குத் தெரியும். மனித நினைவு தவறவிடும் இடத்தை இயந்திரம் நிரப்பும் என்பது உண்மைதான். ஆனால் புளூடூத் அலை சுவரையும் ஊடுருவும் என்பதால், சுவருக்கு அப்பால் இருந்தவரும் 'கூட இருந்தவர்' ஆகிவிடலாம் என்பதும் உண்மை.

குறை அங்கே தொடங்கவில்லை. விருப்பமுள்ளோர் ஏற்கலாம் என்று வந்த செயலி, மே முதல் நாள் பிறந்த உள்துறை ஆணையால், அரசு, தனியார் ஊழியர் அனைவருக்கும் கட்டாயமாயிற்று. நொய்டாவில் கைப்பேசியில் அது இல்லையெனில் தண்டனைக்குரிய குற்றம் என்று காவல்துறை அறிவித்தது. இதற்கென நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஏதும் இல்லை. முன்னாள் உச்சநீதிமன்ற நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா இக்கட்டாயம் சட்டத்துக்கே புறம்பானது என்று வெளிப்படையாகக் கூறினார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தபோது, அதில் அரசு தலையிட வேண்டுமானால் சட்டம் வேண்டும், உண்மையான தேவை வேண்டும், தேவைக்கு மிஞ்சாத அளவு வேண்டும் என்று வரையறுத்திருந்தனர். எதிர்ப்பு வலுக்கவே, மே 17இல் கட்டாயம் தளர்த்தப்பட்டு, இயன்றவரை முயல்க என்றாயிற்று. திரட்டிய விவரங்களை 180 நாளுக்கு மேல் வைத்திருக்கலாகாது என்ற நெறிமுறையும் அம்மாதம் வந்தது. மூல நிரலும் வெளியிடப்பட்டது. இவை யாவும் முதலிலேயே செய்யப்பட்டிருக்க வேண்டியவை.

கட்டாயம் என்றால் என்ன என்பதை என் மகள் பணிபுரிந்த இடத்தின் வாயிலில் கண்டேன். உள்ளே செல்வோர் கைப்பேசியைத் தூக்கிக் காட்டவேண்டும். பச்சை நிறம் தெரிந்தால்தான் கதவு திறக்கும். அவ்வாறு ஒவ்வொருவரையும் நிறுத்திப் பார்த்த காவலாளியின் சட்டைப்பையில் இருந்தது பொத்தான்வைத்த பழைய கைப்பேசி. அதில் எந்தச் செயலியும் ஏறாது. நாளெல்லாம் வாயிலில் நின்று எல்லாரோடும் நெருங்கிப் பழகிய அவரே அந்தச் சங்கிலியில் காணப்படாத கண்ணி! அத்தகைய கைப்பேசி உடையோர்க்கென 1921 என்ற எண்ணில் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது உண்மையே. ஆயினும் அது கேள்விக்கு விடை தரும் ஏற்பாடேயன்றி, அருகில் வந்தவரைக் குறித்துவைக்கும் ஏற்பாடன்று. தறிக்கூடத்திலும் கோழிப்பண்ணையிலும் உழைப்போர் பலருடைய நிலை இதுவே. எவர்க்கு நோய் எளிதில் தொற்றுமோ அவர்க்கு அச்செயலியால் பயன் மிகக் குறைவு. எங்கள் ஊரில் அவர்களைத் தேடிச் சென்றது செயலியன்று. கிராமச் செவிலியரும் காய்ச்சல் முகாமுந்தான்.

கடல்கடந்த தமிழரும் இதில் ஒரு பாடம் கண்டனர். சிங்கப்பூரில் 2020 மார்ச் மாதமே 'டிரேஸ்டுகெதர்' என்னும் செயலி வந்துவிட்டது. கைப்பேசி இல்லாத முதியோர்க்குக் கையடக்கக் கருவியும் வழங்கினார்கள். விவரங்கள் நோய்த் தடுப்புக்கு மட்டுமே என்று வாக்களித்தார்கள். ஆனால் 2021 சனவரியில், குற்றப் புலனாய்வுக்காகக் காவல்துறை அவற்றைப் பெற முடியும் என்றும், ஒரு கொலை வழக்கில் ஏற்கெனவே பெற்றிருக்கிறது என்றும் அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அப்பொறுப்பை ஏற்றிருந்த அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன், தாம் அந்தக் குற்றவியல் சட்டப் பிரிவை எண்ணிப் பார்க்கத் தவறியதை மறைக்கவில்லை. மறுமாதமே சட்டம் இயற்றி, ஏழு வகைக் கொடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று வரம்பு கட்டினார்கள். கொலைக் குற்றவாளியைப் பிடிப்பது தீமையா என்று கேட்கலாம். தீமையன்று. ஆனால் நோயைத் தடுக்க என்று கேட்டு வாங்கிய விடையை வேறொன்றுக்குப் பயன்படுத்தியபோது, அடுத்த முறை விடை சொல்ல மனிதர் தயங்குவார்கள். அத்தயக்கம் கொல்லும் உயிர்கள் எந்தக் கணக்கிலும் வாரா.

இனி, மறுதரப்பின் வாதத்தையும் நேர்மையோடு எடைபோட வேண்டும். "உயிர் பெரிதா, அந்தரங்கம் பெரிதா?" என்று கேட்பார்கள். உயிரே பெரிது. நோய் கண்ட ஊருக்குள் செல்லாதீர், அங்கிருப்போர் அஞ்சி வெளியேறாதீர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்திருக்க, தனித்திருத்தலை நாம் எவ்வாறு மறுப்போம்? ஹிஜ்ரி 18இல் சிரியாவை நோக்கிச் சென்ற கலீபா உமர் (ரலி), அங்கே கொள்ளைநோய் என்றறிந்ததும், தோழர் பலரைக் கலந்தாய்ந்து, வழியிலிருந்தே படையோடு திரும்பினார். விதியை நம்புகிறவர் எச்சரிக்கையைக் கைவிடலாகாது என்பதற்கு அது நிலைத்த சான்று.

அதே உமரைப் பற்றி வேறொரு வரலாறும் வழங்குகிறது. இரவில் ஒரு வீட்டில் குற்றம் நடப்பதாக ஐயுற்று, சுவரேறிக் குதித்து, அங்கிருந்தவனைக் கையும் களவுமாகப் பிடித்தார். அவனோ, தான் செய்தது ஒரு பிழை என்றால் கலீபா செய்தவை மூன்று என்றான்: துருவிப் பார்த்தது, வாயில் வழியே வராதது, அனுமதி கேளாதது. கலீபா அவனைத் தண்டியாமல் திரும்பினார். துருவித் துருவி ஆராயாதீர் என்பது திருமறையின் ஹுஜுராத் அதிகாரத்து அறவுரையன்றோ? ஊர்நலம் கருதிப் படையைத் திருப்பியவரும், ஒருவனது வாயிலை மதித்துத் தாம் திரும்பியவரும் ஒருவரே. இரண்டும் ஒரே உள்ளத்தில் அடங்கும் என்றால், ஓர் அரசின் சட்டத்தில் அடங்காதா?

அடங்கும், அடங்கவும் செய்திருக்கிறது. 2020 மார்ச்சில் கேரளத்தின் பத்தனம்திட்டா மாவட்டம், நோயாளிகள் சென்ற இடங்களையும் நேரங்களையும் பெயரே சொல்லாமல் வழிப்படமாக வெளியிட்டது; அவ்விடங்களில் இருந்தோர் தாமாக அழைத்துக் கூறினர். கூகிளும் ஆப்பிளும் சேர்ந்து அவ்வாண்டு ஏப்ரலில் அறிவித்த முறையோ, சந்திப்புக் குறிப்புகளை மையக் கணினியில் குவிக்காமல் அவரவர் கைப்பேசியிலேயே வைத்தது. வீட்டுக் கதவில் நோயறிவிப்பு ஒட்டும் வழக்கத்தை அவ்வாண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றம் கட்டுப்படுத்தியது. ஆரோக்கிய சேதுவின் தொடர்பறியும் பகுதி நிறுத்தப்பட்டு, அவ்விவரங்கள் அழிக்கப்பட்டன என்று 2023இல் நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. அதே ஆண்டில் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பிறந்தது. ஆனால் கொள்ளைநோய்க் காலத்தில் மருத்துவ உதவிக்காக ஒருவரது தகவலை அவர் இசைவின்றியும் கையாளலாம் என்று அச்சட்டம் இடமளிக்கிறது. அந்த வாயிலின் அளவு என்ன, காவல் யார் என்பதை நாம் இப்போதே கேட்டாக வேண்டும்.

ஏனெனில் அடுத்த நோய் எங்கள் வாயிலுக்கே வரக்கூடும். நாமக்கல்லின் முட்டை நாடெங்கும், கடல் கடந்தும் போகிறது. 2006 பிப்ரவரியில் மகாராட்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டபோது, ஆயிரம் கல்லுக்கு இப்பால் இங்கே முட்டை விலை சரிந்தது. ஒருநாள் பண்ணைத் தொழிலாளி ஒருவருக்கே காய்ச்சல் காணுமானால், முதலாளி கடிந்துகொள்வாரோ, ஊர் விலக்குமோ, பெயர் வாட்ஸ்அப்பில் ஏறுமோ என்று அஞ்சி அவர் வாய் திறவாதிருந்தால், எந்தச் செயலி நம்மைக் காக்கும்?

எனவே செயலி வேண்டாம் என்பதன்று என் கருத்து. சட்டத்தின் துணையோடு அது வரட்டும். ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பமாகட்டும். மறுத்தவர்க்கு வேலையும் பயணமும் மறுக்கப்படாதிருக்கட்டும். கேட்ட காரியம் தவிர வேறெதற்கும் அவ்விடை பயன்படாதிருக்கட்டும். குறித்த நாளில் அது அழியட்டும். கசியவிட்டவர் எவராயினும் பதில் சொல்லட்டும். இவற்றுக்கு மேலாக, செவிலியரும் ஆய்வாளரும் ஆலோசகரும் தேவையான எண்ணிக்கையில் இருக்கட்டும். அவர்களது ஊதியத்தில் மிச்சம் பிடித்துச் செயலி வாங்குவது, கிணற்றைத் தூர்த்துவிட்டு வாளி வாங்குவது போலாகும். "என் நோட்டை விட்டு வெளியே போகாது" என்று அன்று ஒரு ஊழியர் தம் சொந்தப் பொறுப்பில் கொடுத்த வாக்கை, இனி அரசு சட்டத்தின் பொறுப்பில் கொடுக்க வேண்டும். கொடுத்தால், கூட இருந்தவர் யார் என்று கேட்கும்போது மக்கள் மறைக்காமல் சொல்வார்கள்.